280 வோல்ட் தம்பூரா

கச்சேரிக்குப் போனால் எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் வயலினைப் பார்ப்பார்கள். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகாத நல்ல ஆத்மாக்கள் மிருதங்கத்தைப் பார்ப்பார்கள். பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிறவரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அவர் தும்மினால்தான் அப்படி ஒருவர் இருப்பதே தெரியும். ஆனால், அவர் சுருதி கொஞ்சம் இறங்கினால் மேடையில் உள்ள அத்தனை பேர் மானமும் சேர்ந்து இறங்கும்.

மின்சார வாத்தியங்களிலும் இப்படிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசாமி உண்டு. பெயர், பவர் சப்ளை. நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், கரண்ட் அக்கவுண்ட். இருந்தாலும் கடந்த சில மாதங்களாக இந்த ஆசாமியோடு நெருங்கிப் பழக நேர்ந்தது. காரணம், எங்கள் ஃபிளாட்டின் மூன்றாவது மாடி வங்கி நண்பர். பகலில் ஊரார் பணத்தை எண்ணுகிறார். ராத்திரியில் வால்வு சிந்தசைஸர் கட்டுகிறார். டார்ச் பிடிப்பது என் வேலை.

வால்வு என்றால், பழைய ரேடியோப் பெட்டியின் முதுகு ஓட்டை வழியாக ஆரஞ்சு கலரில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல். சுவிட்சைப் போட்டவுடன் வேலை செய்யாது. அரை நிமிஷம் சூடாக வேண்டும். இன்றைக்குச் சொன்ன ஜோக்குக்கு நாளைக்குச் சிரிப்பவனை ‘டியூப்லைட்’ என்கிறோம் இல்லையா, வால்வு அவனுக்கு அண்ணன்.

“செல்போன்லயே சிந்தசைஸர் சும்மா வருதே சார், எதுக்கு இந்த அவஸ்தை?” என்று கேட்டேன்.

“பாக்கெட் பால் வீட்டு வாசலுக்கே வருது. அப்புறம் ஏன் சார் சில பேர் மாடு வளக்கறாங்க?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

இந்தப் பைத்தியம் இன்று நேற்று வந்ததில்லை. 1915-லேயே அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், தாம் கண்டுபிடித்த வால்வை வைத்து ஒரு பியானோ செய்து பார்த்தார். 1930-ல் பெர்லினில் ட்ராட்வைன் என்பவர் ‘ட்ராடோனியம்’ என்ற வாத்தியத்தை அறிமுகப்படுத்தினார். அதை ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுதவர் ஆஸ்கர் ஸாலா. ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் பறவைகள் கூட்டமாக வந்து மனிதர்களைக் குதறும்போது வயிற்றைக் கலக்கும் ஒரு கீச்சொலி வருமே, அது இந்த வாத்தியத்தின் கைங்கரியம். 1939-ல் ஹாமண்ட் கம்பெனி ‘நோவாகார்ட்’ என்று ஒன்றைக் கடையிலேயே விற்றது. 72 கட்டைகள், 163 வால்வுகள், 200 கிலோவுக்கு மேல் எடை. ஒரு வால்வைச் சூடேற்ற 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட, 163 வால்வுக்கு 300 வாட்ஸுக்கு மேல் ஆகிறது. ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்னாலேயே ஒரு இஸ்திரிப் பெட்டி! 1964-ல் ராபர்ட் மூக் டிரான்சிஸ்டரை வைத்து சிந்தசைஸர் செய்து காட்டியதும் வால்வு ஆட்டம் குளோஸ்.

நண்பருக்கு 163 எல்லாம் வேண்டாம். எட்டு போதும். அந்த எட்டும் வந்த கதை தனி. அவருடைய அப்பா திருச்சி பக்கம் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பரண் மேல் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் பழைய செய்தித்தாளில் மூட்டை மூட்டையாகச் சுற்றிய வால்வுகள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்தவைகூட அதில் உண்டு. டிரான்சிஸ்டர் வந்த பிறகு எடைக்குப் போடாமல் அவர் ஏன் வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. மகனுக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது.

சரி, வால்வுக்கு என்ன சாப்பாடு?

இரண்டு விதமான சாப்பாடு. ஒன்று, உள்ளே இருக்கும் கம்பியைச் சூடாக்க. சூடானால்தான் கேத்தோடு என்ற பகுதியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். இதற்குச் சின்ன வோல்டேஜ் போதும். பெரும்பாலான வால்வுகளுக்கு 6.3. அது என்ன கோயில் உண்டியல் மாதிரி கடைசியில் ஒரு சில்லறை என்று யோசித்தேன். பழைய கார் பேட்டரியில் மூன்று செல். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட். மூவிரண்டு ஆறு, மூவொன்று மூன்று. கார் ரேடியோவுக்கு வசதியாக வைத்த கணக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாவது சாப்பாடு பெரிசு. கிளம்பிய எலெக்ட்ரான்களை எதிரே இருக்கும் அனோடு இழுக்க வேண்டும். அதற்கு 250, 300 வோல்ட் டி.சி. தேவை. நடுவில் கிரிட் என்ற வலை, குழாயைத் திருகுவது மாதிரி அந்த ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். இதுதான் வால்வின் முழு ரகசியம். ‘வால்வு’ என்ற பெயர் மட்டும், ஓட்டத்தை ஒரே திசையில்தான் விடும் என்பதால் வந்தது.

இந்த 300 வோல்ட் விஷயம்தான் நண்பரின் மனைவி காதில் விழுந்தது.

“அண்ணா, நிஜத்தைச் சொல்லுங்க. இது ஷாக் அடிக்குமா?”

“அடிக்கும்மா.”

“எவ்வளவு அடிக்கும்?”

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். “ஆளையே கொல்லும்” என்று கடைசியில் அவரே சொன்னார். வீட்டில் ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை, எதைப் பார்த்தாலும் விரலை விட்டுப் பார்க்கிற வயசு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “பூட்டு போட்ட இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கணும். சாவி என்கிட்ட.”

இதைவிட நல்ல பாதுகாப்பு விதியை எந்த என்ஜினீயரும் எழுத முடியாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கினோம். பழைய வால்வு ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால், கடைக்காரர்கள் நம்மை மியூசியத்திலிருந்து தப்பி வந்தவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். புதிதாகச் சுற்றித் தர ஆள் உண்டு. காசும் நாளும் ஆகும். நண்பர் ஒரு கில்லாடி வேலை செய்தார். சாதாரண 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்கினார். சம்பந்திகளை எதிரெதிரே உட்கார வைப்பது மாதிரி வைத்தார். முதலாவது, 230-ஐ 12 ஆக்கும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால், அந்த 12-ஐ மறுபடி 230-க்குப் பக்கத்தில் ஏற்றும்.

“இதுக்கு நேரா பிளக்லயே எடுத்துக்கலாமே சார்?” என்றேன். 230-ஐ இறக்கி 230-ஐ ஏற்றுவது, சம்பளத்தை ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போடுவது மாதிரி பட்டது.

“எடுக்கலாம். எங்கப்பா கடைக்கு அந்த மாதிரி செட்டெல்லாம் வரும். டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. பிளக்கை மாத்திச் சொருகினா ரேடியோவோட இரும்புத் தட்டு முழுக்க லைன்ல நிக்கும். தொட்டவன் போனான்.”

டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருளுக்கும் நடுவில் கம்பித் தொடர்பு கிடையாது. காந்த உறவு மட்டும்தான். ஈ.பி. லைனுக்கும் நமக்கும் நடுவில் அது ஒரு மதில் சுவர். போனஸாக, நடுவில் இருக்கும் 12 வோல்ட் இருக்கிறதே, அதுவே வால்வைச் சூடேற்ற ஆச்சு. ஈ.சி.சி. 83 என்ற வால்வுக்கு 12.6 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் வேண்டும். 12 கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. எட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர். கையில் 5 இருக்கிறது. கல்யாணச் சமையல் மாதிரி தாராளம்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஆளுக்குக் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொண்டு கடைசியில் தந்தது சுமார் 200 வோல்ட் ஏ.சி. அதை 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் 280 வோல்ட். நமக்குப் போதும்.

ஆனால், இது ஏ.சி. வினாடிக்கு 50 தடவை வரும், போகும். கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கும் நல்ல மனுஷன். வால்வுக்கோ ஒரே திசையில் வர வேண்டும். அதற்கு டயோடு. கொடுத்தால் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கேட்டால் காது கேட்காத மாமா. 1 என் 4007 என்று ஒரு டயோடு, சில ரூபாய்தான், 1,000 வோல்ட் தாங்கும். நான்கைச் சேர்த்துப் பாலம் போட்டால், ஏ.சி.யின் இரண்டு அரைகளும் ஒரே பக்கம் விழும். ஆக வினாடிக்கு 100 தவணை.

இந்த இடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. 100 தவணை என்றால் 100 சம்பளத் தேதி! ஒன்றாம் தேதி பை நிறைகிறது. இருபதாம் தேதி பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறோம். மறுபடி ஒன்றாம் தேதி. இந்த மேடு பள்ளத்தைச் சமாளிக்க வீட்டில் என்ன செய்கிறார்கள்? அஞ்சறைப் பெட்டியில், பருப்பு டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். மின்சாரத்தில் பருப்பு டப்பாவுக்குப் பெயர் கபாசிட்டர். 100 மைக்ரோஃபாரட் டப்பா ஒன்றை வைத்து, 50 மில்லி ஆம்பியர் செலவு செய்தால், தவணைக்குத் தவணை 5 வோல்ட் ஏறி இறங்கும். 280-ல் 5 என்றால் குடும்பம் நடத்த நல்ல நிலைமை. சங்கீதம் நடத்த முடியாது.

ஏனென்றால், அந்த 5 வோல்ட் ஏற்ற இறக்கம் ஸ்பீக்கரில் ‘ங்ங்ங்’ என்று கேட்கும். ரேடியோ மெக்கானிக்குகள் இதை ‘ஹம்’ என்பார்கள். வினாடிக்கு 100 அதிர்வு. சங்கீதக் கணக்கில் பார்த்தால் 98 அதிர்வு ஐந்து கட்டை சுருதி. அதாவது, நம் மின்வாரியம் ஐந்து கட்டைக்கு ஒரு சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே பாடிக்கொண்டிருக்கிறது! அமெரிக்காவில் மின்சாரம் 60 தடவை வந்து போவதால், அவர்கள் ஹம் 120. ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ. அங்கே போய் எட்டு ஊர் கச்சேரி செய்யும் வித்வான்கள், ‘ஹால்ல ஏதோ சேரலை’ என்று சொன்னால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்படலாம்.

ஹம்மை அடக்க ஒரு சோக். டியூப்லைட் சோக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். இரும்பில் சுற்றிய கம்பிதான். மாறுகிற கரண்டை விடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும், மாறாத கரண்டைப் போ என்று விட்டுவிடும். 10 ஹென்றி சோக், அதன்பின் இன்னொரு 100 மைக்ரோஃபாரட் டப்பா. 5 வோல்ட் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 400-ல் ஒரு பங்காகி, 13 மில்லி வோல்ட்டில் வந்து நின்றது.

அடுத்த தலைவலி சுருதி. நண்பரின் சிந்தசைஸர் சத்தத்தைப் பிறப்பிக்கும் விதம் பழசு. ஒரு கபாசிட்டர் மெல்ல நிறையும், ஒரு அளவு வந்ததும் வாயு அடைத்த குழல் ஒன்று படாரென்று அதைக் காலி செய்யும், மறுபடி நிறையும். எவ்வளவு வேகமாக நிறைகிறதோ அவ்வளவு உயர்ந்த சுரம். ட்ராடோனியத்தின் ஆரம்ப மாடலில் ஒரு நியான் விளக்கு இதே வேலையைத்தான் செய்தது. நிறைகிற வேகமோ சப்ளை வோல்டேஜைப் பொறுத்தது. அது 6 சதவீதம் இறங்கினால் சுரம் ஏறக்குறைய அரைப்படி இறங்கும், சில சமயம் அதற்கும் மேல். 230-ல் 6 சதவீதம் 14 வோல்ட். கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் போதும். ஷட்ஜமத்தில் நின்றுகொண்டிருந்தவர் காகலி நிஷாதத்தில் இருப்பார். மேளகர்த்தாவை மின்வாரியம் தீர்மானிக்கும்.

இதற்கும் அப்பாவின் பிஸ்கட் டின்னில் மருந்து இருந்தது. ஜீரோ ஏ 2 என்று ஒரு வால்வு. உள்ளே சூடேற்றும் கம்பி கிடையாது, கொஞ்சம் வாயு மட்டும். தன் குறுக்கே எப்போதும் ஏறக்குறைய 150 வோல்ட் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும். கூட வந்தால் கூடத் தின்னும். குறைய வந்தால் குறையத் தின்னும். வீட்டுச் செலவுக்கு மட்டும் சரியாக 150 கொடுத்துவிடும் பொறுப்பான ஆத்மா. தன் சாப்பாடு 5 மில்லி ஆம்பியருக்குக் குறையக் கூடாது, 30-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை.

இந்தக் கணக்கை நானே போட்டேன். பி.காம். சும்மா போகவில்லை. 280-ல் 150 போக மிச்சம் 130 வோல்ட். நடுவில் 5,600 ஓம் ரெசிஸ்டர். 130-ஐ 5,600-ஆல் வகுத்தால் 23 மில்லி ஆம்பியர். சிந்தசைஸருக்கு 10 போனால் வால்வுக்கு 13. மின்சாரம் 10 சதவீதம் ஏறினால் வால்வுக்கு 18; 10 சதவீதம் இறங்கினால் 8. இரண்டும் கோட்டுக்குள். ரெசிஸ்டரில் 3 வாட்ஸ் சூடு, அதனால் 10 வாட்ஸ் ஆளாகப் போட்டோம். நண்பர் வால்வுக்குக் குறுக்கே பெரிய கபாசிட்டர் எதுவும் போடக் கூடாது என்றார். போட்டால் நிறைந்து காலியாகி, நிறைந்து காலியாகி, அதுவே பாட ஆரம்பித்துவிடுமாம். காவல்காரன் கையில் தவில் கொடுத்த கதை.

எல்லாவற்றையும் விட முக்கியமான பாகம் கடைசியில் வந்தது. விலை மிக மலிவு. பெயர் ‘ப்ளீடர்’.

சுவிட்சை அணைத்த பிறகும் பருப்பு டப்பாவில் பணம் இருக்குமே? கபாசிட்டரிலும் இருக்கும். 280 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 4 ஜூல். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான காபிப் பொடியை ஒரு மீட்டர் தூக்கும் சக்திதான். கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால், அது ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் வழியில் இதயம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, விளக்கெல்லாம் அணைந்து, ‘ஆஃப் பண்ணியாச்சே’ என்று விரலை வைக்கிறவனுக்காக அது மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கும். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகள் பயந்தது ஆன் செய்த செட்டுக்கு இல்லை, அணைத்த செட்டுக்கு.

அதனால், ஒவ்வொரு கபாசிட்டருக்கும் குறுக்கே ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2 வாட்ஸ். அணைத்தபின் சத்தம் போடாமல் சொட்டுச் சொட்டாக வடித்துவிடும். இரண்டு நிமிஷத்தில் 280 என்பது 1.2 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். அப்போதும் நம்பக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் கறுப்பு ஒயரை முதலிலேயே சேஸிஸில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, சிவப்பை ஒரு கையால் மட்டும் வைக்க வேண்டும். இன்னொரு கை?

“எங்கப்பா இடது கையை எப்பவும் முதுகுக்குப் பின்னாலதான் வச்சுப்பார்” என்றார் நண்பர். “கடைக்கு வந்தவங்க, ‘என்னய்யா மெக்கானிக், ஜமீன்தார் மாதிரி நிக்கறே’ம்பாங்க. நானும் அவருக்கு ஏதோ தலைக்கனம்னுதான் நெனச்சேன். அவரும் சொன்னதில்ல. பத்து வருஷம் முன்னாடி ஒரு புஸ்தகத்துல படிச்சப்பதான் தெரிஞ்சது, ஒரு கையால வேலை செஞ்சா கரண்ட் மார்பு வழியாப் போறதுக்கு வழி குறையும்னு. அம்பது பைசாவுக்கு ரேடியோ ரிப்பேர் பண்ண மனுஷன் சார். தினம் எங்களுக்காக ஒரு கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கார்.”

கொஞ்ச நேரம் டார்ச் ஆடிற்று. கை வலி என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு வார இறுதியில் வால்வும் கையுமாக இறங்க நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இது கட்டுரை, வரைபடம் கிடையாது. ஃப்யூஸ், எர்த், பூட்டிய பெட்டி, 450 வோல்ட் கபாசிட்டர் (வால்வு சூடாகும்வரை செலவு இல்லாததால் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி நிற்கும்), பக்கத்தில் மெயினை அணைக்கத் தெரிந்த இன்னொரு ஆள் - இவ்வளவும் இல்லாமல் தொடாதீர்கள். தனியாக, தூக்கக் கலக்கத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, கூடவே கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாவியை அம்மாவிடம் வாங்கி, பெட்டியைப் பூட்டியபடியே சுவிட்சைப் போட்டார். அரை நிமிஷம். காற்றுத் துளைகள் வழியாக எட்டு ஆரஞ்சுப் பொட்டு, ஓரத்தில் ஜீரோ ஏ 2 மட்டும் கத்தரிப்பூ கலரில். ஸ்பீக்கரில் காதை வைத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. நண்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கீழே யாரோ மோட்டார் போட்டார்கள். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. நண்பருக்குக் கண்ணில் தண்ணீர்.

காபியோடு வந்த அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணு மாசமா ராப்பகலா கஷ்டப்பட்டது, சத்தம் வராம இருக்கறதுக்காண்ணா?”

“ஆமாம்மா” என்றேன். “இனிமேதான் சத்தம் வர்றதுக்குக் கஷ்டப்படணும்.”